வெறுங்காலின் மேல் போட்ட பழி

கால்பந்து உலகக் கோப்பை நடக்கிற மாதம் வந்தால் கீழக்கரையில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தக் கதை காதில் விழும். "1950-லயே இந்தியாவுக்கு உலகக் கோப்பையில இடம் கிடைச்சுச்சு காக்கா. ஷூ போடாம ஆடக்கூடாதுன்னுட்டாங்க. அதான் நம்ம ஆளுக போகல." (காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.) ஏர்வாடியில் கேட்டாலும் இதுதான், தங்கச்சிமடத்தில் கேட்டாலும் இதுதான். தெருவுக்குத் தெரு பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் பறக்கும்போது நம் நாட்டைப் பற்றிச் சொல்ல நமக்கு இருப்பது இந்த ஒரே கதை.

எனக்கு இதன் மேல் பல வருஷத்துக் கோபம். கதை உண்மையில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முடிவெடுத்தவர்களை விட்டுவிட்டு ஆடியவர்களின் காலின் மேல் பழியைப் போடுகிறது என்பது.

நடந்தது இதுதான். 1950 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் இந்தியாவோடு இருந்த பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பர்மா மூன்றும் விலகிக்கொண்டன. ஒரு ஆட்டம்கூட ஆடாமலே இடம் கிடைத்தது. இத்தாலி, சுவீடன், பராகுவே இருந்த பிரிவில் இந்தியாவைப் போட்டார்கள். பயணச் செலவில் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்கிறோம் என்று பிரேசில்காரர்கள் சொன்னார்கள். அப்படியும் நம் கால்பந்துச் சம்மேளனம் போகவில்லை. பயிற்சிக்கு நேரம் போதவில்லை, அணித் தேர்வில் உடன்பாடில்லை என்றது. உள்ளே இருந்த காரணம் இன்னும் எளிது. அன்றைக்கு இங்கே ஒலிம்பிக் என்றால்தான் மதிப்பு. உலகக் கோப்பையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அந்த அணிக்குத் தலைமை ஏற்றிருக்க வேண்டிய சைலேன் மன்னாவும் பிற்காலத்தில் இதையேதான் சொன்னார். ஒலிம்பிக்தான் எங்களுக்கு எல்லாம், ஷூ விஷயம் பிறகு கட்டிய கதை என்றார்.

இந்தியா போகாததால் அந்தப் பிரிவு மூன்றே அணிகளோடு நடந்தது. அந்த உலகக் கோப்பையில் ஆடியதே மொத்தம் 13 அணிகள்தான். இன்னொரு பிரிவில் உருகுவேயும் பொலிவியாவும் மட்டும் மோதின, அதில் ஜெயித்த உருகுவே கடைசியில் கோப்பையையே வென்றது. வாசல் அவ்வளவு அகலமாகத் திறந்துகிடந்த வருஷம் அது.

வெறுங்காலோடு ஆடினால் என்ன ஆகும் என்பதை நம் அணி அதற்கு இரண்டு வருஷம் முன்பே லண்டனில் காட்டிவிட்டது. 1948 ஜூலை 31, இல்ஃபோர்டில் உள்ள கிரிக்கிள்ஃபீல்டு மைதானம். எதிரில் பிரான்ஸ். நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தாலிமெரன் ஆவோ கேப்டன். நம் அணியில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை, சிலர் துணியைச் சுற்றியிருந்தார்கள். பிரான்ஸ் முதல் பாதியில் ஒரு கோல் போட்டது. 70-வது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது, போட்டவர் பெயர் சாரங்கபாணி. நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டும் வீணாயின. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டு 2-1 என்று தப்பித்தது. பெனால்டிகளில் ஒன்று உள்ளே போயிருந்தால் வேறு கதை. கால் குறை வைக்கவில்லை.

வெறுங்கால் ஆட்டத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு இதை நம்பக் கஷ்டம். எங்கள் கரையில் இன்றும் பார்க்கலாம். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து மணலில் இறங்கினால், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற வரைக்கும் ஆட்டம். அலை வந்து போகிற ஓரத்தில் மணல் இறுகி இருக்கும், அங்கே பந்து ஓடும். மேலே ஏறினால் கால் புதையும். அதனால் ஆடத் தெரிந்த பையன் பந்தைத் தரையில் உருட்டவே மாட்டான். கால் விரல்களைப் பந்துக்கு அடியில் விட்டு ஒரு சுண்டு சுண்டுவான், முழங்கால் உயரத்துக்கு எழும்பும், அடுத்தவன் நெஞ்சில் வாங்குவான். பெருவிரலையும் அடுத்த விரலையும் சேர்த்து மடக்கிப் பந்தின் ஓரத்தில் தொட்டால் அது வெளியே போகிற மாதிரி போய் உள்ளே வளையும். பூட்ஸ் போட்ட கால் இதை வேறு விதமாகத்தான் செய்ய முடியும். சிப்பி கிழிக்கும், நெருஞ்சி குத்தும், அதெல்லாம் உண்டு. கிழிந்த இடத்தில் மணலை அப்பிக்கொண்டு தொடர்ந்து ஆடுவார்கள். காலைக் கீழே வைக்கும் முன்பே தரை எப்படி இருக்கிறது என்று அந்தக் காலுக்குத் தெரிந்திருக்கும்.

ஈரப் புல்லிலும் குளிரிலும் வெறுங்கால் தோற்கும் என்பது வேறு விஷயம், அதற்கும் சாட்சி இருக்கிறது. 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்தது. நமக்கு ஒரே கோல், அகமது கான் போட்டது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று சம்மேளனம் முடிவு செய்தது. சரி, பூட்ஸ் போட்டாயிற்று. நாலே வருஷத்தில் நம் நாட்டு வீரர்கள் ஒலிம்பிக் அரையிறுதியில் நின்றார்கள். கால் மாறவில்லை, இடையில் ஒரு மனிதர் வேலை செய்திருந்தார்.

சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை வைத்து 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றவர். 1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தபோது இந்திய அணி அவர் கையில் இருந்தது. இறுதியாட்டத்தில் சாகு மேவாலால் போட்ட ஒரே கோலில் ஈரானை வென்று தங்கம் வாங்கியது. மன்னாதான் கேப்டன். பிரேசிலுக்குப் போகாத வருஷத்துக்கு அடுத்த வருஷம் இது.

ரஹீமின் பயிற்சி முறைகளைப் படிக்கும்போது அவர் ஆசிரியராக இருந்தவர் என்பது நன்றாகத் தெரியும். பந்தை வெட்டி வெட்டி எடுத்துப் போகக் கூடாது, வாங்கியதும் கொடுத்துவிட வேண்டும் என்று விதி வைத்துப் போட்டிகள் நடத்தினார். எந்தக் கால் பலவீனமோ அந்தக் காலால் மட்டும் ஆட வேண்டும் என்று இன்னொரு வகைப் போட்டி. தடுப்பில் நாலு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் நாலு பேர் என்று நிறுத்துகிற 4-2-4 பற்றி உலகம் பெரிதாகப் பேசத் தொடங்கும் முன்பே தன் அணிகளை அப்படி நிறுத்திப் பார்த்தார். ஒருவனுடைய குறையைத் திட்டாமல், அந்தக் குறை தானாகத் தேய்கிற மாதிரி ஒரு ஆட்டத்தை உண்டாக்கிக் கொடுப்பது அவர் வழி.

தடைக்காலத்தில் எங்கள் பையன்களிடம் நானும் இதைச் செய்து பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் படகில் வேலைக்குப் போகிற இளைஞர்கள் வலை கட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பந்தோடு இருப்பார்கள். ஊருக்கு ஊர் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி, நடக்கும். ஆட்டத்துக்கு முன்னால் கால் மணி நேரம் எல்லோரும் இடது காலால்தான் அடிக்க வேண்டும் என்று வைத்தோம். முதலில் முனகினார்கள். சில நாளில் அதற்கே தனிக் கூட்டம் கூட ஆரம்பித்தது. வலது காலில் ராஜாவாக இருந்தவன் இடது காலில் திணற, சாதாரணமாக ஓரத்தில் நிற்கிற இடது கால்காரன் ஒருவன் கோல் மேல் கோலாகப் போட்டான். அவன் அவ்வளவு நல்ல ஆட்டக்காரன் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

1956 மெல்போர்னுக்கு வருகிறேன். முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் நேராகக் காலிறுதி, எதிரில் ஆஸ்திரேலியா, அதுவும் அவர்கள் மண்ணில். நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். நான்காவது கோல் கிட்டு என்று எல்லோரும் கூப்பிட்ட கிருஷ்ணசாமியுடையது. 4-2. அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக டிசூசா முதலில் கோல் போட்டு நம்மை முன்னால் நிறுத்தினார். பிறகு அவர்கள் நாலு போட்டார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. நாலாவது இடம். இந்தியக் கால்பந்து உலக அளவில் தொட்ட உயரம் இன்றுவரை அதுதான். 1960 ரோமிலும் மோசமில்லை. ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றோம், பிரான்ஸோடு 1-1 சமன் செய்தோம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் 1962. ஜகார்த்தா.

இஸ்ரேலையும் தைவானையும் அந்த ஆசிய விளையாட்டுக்கு இந்தோனேசியா வரவிடவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்ல முடியாது என்று நம் நாட்டைச் சேர்ந்த ஒலிம்பிக் குழு உறுப்பினர் ஜி. டி. சோந்தி சொல்லிவிட்டார். ஊரே இந்தியர்கள் மேல் பாய்ந்தது. தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் வெளியே போகவே யோசிக்க வேண்டிய நிலை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். பிறகு ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். அரையிறுதிக்கு ஆள் போதவில்லை. ரஹீம் ஒரு காரியம் செய்தார். தையல் போட்ட ஜர்னைலைப் பின்னால் நிறுத்தாமல் முன்னால் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். ஜர்னைல் கல்லூரி நாளில் முன்னால் ஆடியவர் என்பது அவருக்கு நினைவிருந்தது. தென்வியட்நாமை 3-2 என்று வென்றார்கள், ஜர்னைலும் அதில் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4, இறுதியாட்டம். மறுபடி தென்கொரியா. மைதானம் நிறைய ஆட்கள், அத்தனை பேரும் நமக்கு எதிராகக் கூச்சல். அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று நம் வீரர்கள் பின்னாளில் நன்றியோடு சொன்னார்கள். ரஹீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். முந்தைய நாள் வீரர்களைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு பரிசு வேண்டும், நாளைக்குத் தங்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டதாக அந்த அணியில் இருந்தவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 17-வது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி. மூன்று நிமிடம் கழித்து ஜர்னைல் சிங். கடைசி நேரத்தில் கொரியா ஒன்று போட்டது. 2-1. சுனி கோஸ்வாமி தலைமையில் தங்கம். அடுத்த ஜூனில், 1963-ல், ரஹீம் இறந்துபோனார்.

அந்த இறுதியாட்டத்தில் கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சலில் சில ஆட்டங்களை விட்டுவிட்டு இறுதியாட்டத்துக்கு வந்து நின்றவர். ஆறடிக்கு மேல் உயரம். ராணுவத்தில் சேர்ந்தபோது முன்வரிசையில் ஆடியவர், பிறகுதான் கோல்கீப்பர் ஆனார். 1956-லும் 1960-லும் ஒலிம்பிக்கில் இருந்தார், அர்ஜுனா விருது வாங்கினார். அதே அணியில் பலராம் இருந்தார், செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரோமில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் போட்டது அவர்தான். அருமைநாயகம் இருந்தார், எத்திராஜ் இருந்தார். 1948-ல் சாரங்கபாணி ராமன், 1956-ல் கிட்டு, 1962-ல் இத்தனை பேர். இந்தப் பெயர்களை எங்கள் பையன்களிடம் சொன்னால் கண் விரிகிறது. "நம்ம ஆளுகளா காக்கா?" என்கிறார்கள். ஆமாம் தம்பி, நம் ஆட்கள்தான்.

நம் ஆட்கள், ஆனால் நம் கரையில் இருந்து போனவர்கள் இல்லை. இதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பெங்களூர், செகந்திராபாத், வெலிங்டன் என்று பட்டாளம் இருந்த ஊர்களைச் சுற்றித்தான் இந்தத் தமிழ்ப் பெயர்கள் கிடைக்கின்றன. தங்கராஜ் ஆடிய மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்ற அணி, அதன் இருப்பிடம் நீலகிரி வெலிங்டன். பட்டாளம் இருந்தால் மைதானம் இருக்கும், வருஷம் முழுக்க ஆட்டம் இருக்கும், பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு ஆள் இருப்பார். ராமநாதபுரம் கரையில் பனையும் உடைமரமும் உப்பளமும் கடலும் இருந்தன, மைதானமும் தொடர் ஆட்டமும் தேர்ந்தெடுக்க ஆளும் இல்லை. கால் இருந்தது. மதுரைக்குத் தெற்கே கடற்கரை ஓரமாகப் போகிறவனுக்கு அந்தக் கால் கண்ணில் பட்டிருக்கும். யாரும் போகவில்லை.

ரஹீம் போன பிறகும் அவர் வளர்த்த பிள்ளைகளின் பலத்தில் கொஞ்ச காலம் ஓடியது. 1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜப்பானை வென்று வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணிக்கு ஒரு பதக்கமும் இல்லை. சரிவை விவரிக்க எனக்கு மனமில்லை, காரணங்களை மட்டும் சொல்கிறேன். உலகம் 90 நிமிடம் ஆடும்போது நம் உள்நாட்டு ஆட்டங்கள் நெடுங்காலம் 70 நிமிடத்தில் முடிந்தன. கடைசி இருபது நிமிடத்துக்கு மூச்சு எங்கிருந்து வரும்? தேசிய அளவில் லீக் என்று ஒன்று வந்ததே 1996-ல்தான். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் நாம் முதன்முதலாக ஆடியது 1985-ல், வாசல் திறந்துகிடந்த வருஷத்துக்கு 35 வருஷம் கழித்து. 1984-ல் ஆசியக் கோப்பையில் ஆடிய பிறகு அடுத்தது 2011-ல். நடுவில் 27 வருஷம், ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் வந்து போகிற காலம்.

தெற்காசியக் கோப்பையில் மட்டும் ஒன்பது முறை வென்றிருக்கிறோம். அதிலும் 1995-ல் கொழும்பில் இலங்கை கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டு நம்மிடம் இருந்து பறித்தது. அவர்களுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்தத் தோல்வி மட்டும் வலிப்பதில்லை.

அப்புறம் சுனில் சேத்ரி. 2005-ல் பாகிஸ்தானுக்கு எதிராக குவெட்டாவில் தொடங்கியவர். 2008-ல் தஜிகிஸ்தானுக்கு எதிரே மூன்று கோல் போட்டு, 4-1 என்ற அந்த வெற்றியால் 2011 ஆசியக் கோப்பைக்கு அணியைக் கூட்டிப்போனவர். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை, அதாவது தைவானை, 5-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மூன்று கோல் போட்ட சேத்ரி மறுநாள் ஒரு வீடியோவில் வந்து, எங்களைத் திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோனது. அந்த வீடியோவை என்னால் இன்றும் அமைதியாகப் பார்க்க முடியவில்லை. கூட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் ஒரு நாட்டின் கேப்டன் அப்படிக் கேட்க வேண்டி வந்ததே.

எங்கள் கரைக்கு இந்த அணியோடு ஒரு தனி உறவு உண்டு, அது வளைகுடா வழியாக வருகிறது. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி என்று எந்த ஊரிலும் துபாயிலோ கத்தாரிலோ குவைத்திலோ ஆள் இல்லாத வீடு குறைவு. இந்தியா அந்தப் பக்கம் ஆடப் போனால் நம் ஆட்கள்தான் கேலரி. 2019 செப்டம்பர் 10, தோஹாவில் கத்தாரோடு உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். அந்த வருஷம் ஆசியக் கோப்பையை வென்ற அணி அது. சேத்ரிக்கு உடம்பு சரியில்லை, ஆடவில்லை. கோலில் நின்றவர் குர்பிரீத் சிங். என் மச்சான் டூட்டி முடிந்து நேராக ஸ்டேடியத்துக்குப் போயிருந்தார். ஆட்டம் நடக்க நடக்க வாய்ஸ் மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. "மச்சான், குர்பிரீத் இன்னொன்னு தடுத்துட்டான்." மறுபடி, "மச்சான், இன்னொன்னு." பின்னணியில் ஆயிரம் குரல். 0-0 என்று முடிந்ததும் வந்த மெசேஜில் பேச்சே இல்லை, சத்தம் மட்டும்தான். ஒரு கோலும் இல்லாத ஆட்டத்துக்கு அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

குவைத்தில் இருந்து வந்த சேதி வேறு மாதிரி. வாலிநோக்கம் பக்கத்துப் பையன் ஒருவன், இடது ஓரத்தில் ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. பதினேழு வயதில் ஒரு பெரிய ஊரில் நடந்த தேர்வு முகாமுக்குப் போனான். ஓட வைத்துப் பார்த்தார்கள், பந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்லா ஆடுறே தம்பி, ஆனா லேட்டா வந்திருக்கே, பதின்மூணு வயசுல வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பதின்மூன்று வயதில் அவன் எங்கே போவது? யாரிடம் போவது? இப்போது குவைத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. 2023 நவம்பரில் இந்தியா அங்கே போய் மன்வீர் சிங் கோலில் 1-0 என்று ஜெயித்தபோது கேலரியில் இருந்தான். போட்டோ அனுப்பியிருந்தான், நீலச் சட்டை போட்டு. "காக்கா, லெஃப்ட் விங்ல கொஞ்சம் வேகம் பத்தல" என்று கீழே எழுதியிருந்தான்.

என் வாதம் முழுக்க அந்தப் பையனிடம் இருக்கிறது. காலில் என்ன போட்டிருந்தான் என்று யாரும் பார்த்து ஒதுக்கவில்லை. உரிய வயதில் யாரும் வரவில்லை, அவ்வளவுதான். கன்னியாகுமரிக் கரையில் நிலைமை வேறு. தூத்தூர் பக்கம் மீனவர் ஊர்களில் பந்து நன்றாக வேர் பிடித்த இடம். அங்கே இரையுமன்துறையில் இருந்து மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்தியச் சட்டை போட்டார். அதே கடல், அதே தொழில். ஊருக்கு ஊர் கிளப்பும் சுற்றிச் சுற்றி ஆட்டமும் இருந்ததால் கண்ணில் பட்டார். காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூரில் இருந்து சிவசக்தி நாராயணன் பெங்களூர் அணிக்குப் போய், 2022-23 சீசனில் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) வளரும் வீரர் விருது வாங்கினார். தொண்டிக்காரர்களுக்குக் கண்டனூர் எட்டும் தூரம்தான்.

கடைசியாக நடந்தவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், ஒரு கோலும் இல்லை. ஜூன் 6-ல் கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0, சேத்ரி 94 கோலோடு விடைபெற்றார். ஐந்து நாள் கழித்து தோஹாவில், கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்துப் போட்ட கோல் செல்லும் என்றார்கள், 2-1 என்று தோற்றோம். அது அநியாயம், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதற்கு முன்பே மார்ச் மாதம் கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றிருந்தோமே, அதற்கு யாரைச் சொல்வது? 2025 மார்ச்சில் சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள், நாற்பது வயதில். அவர் வந்து கோலும் போட்டார். அவர் இடத்துக்கு இன்னொருவர் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போயிற்று.

அதே 2025-ல் ஜூலை 5 அன்று, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச்சுற்றில் ஜெயித்து நம் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போனது அதுவே முதல் முறை. எங்கள் பக்கத்து டீக்கடையில் அன்று அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இந்தப் பெண்கள் அணிக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம், 1983-ல் மறுபடி இரண்டாம் இடம். 1950 கதையை மனப்பாடமாகச் சொல்கிற ஒருவர்கூட இதைச் சொல்லிக் கேட்டதில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வாங்கினார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் வருஷக்கணக்காக ஆடினார், காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருந்துகொண்டு. மதுரையில் இருந்து ஆடும் சேது எஃப்சி 2018-19-ல் இந்திய மகளிர் லீகை வென்றது. மதுரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மூன்று மணி நேர பஸ் பயணம்தான்.

வருகிற தடைக்காலத்தில் எங்கள் செவன்ஸோடு பெண் பிள்ளைகளுக்கும் தனியாக ஆட்டம் வைக்கிறோம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம் என்று நாலு ஊரில் இருந்து பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைக்கே பன்னிரண்டு வயதுதான் ஆகிறது. முதல் கால் மணி இடது காலாட்டம், பிறகு சரியான ஆட்டம். பூட்ஸ் போட்டும் வரலாம், போடாமலும் வரலாம். பிள்ளைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வேலையில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், ஏப்ரல் 15-க்குப் பிறகு எந்த நாள் வேண்டுமானாலும் வாருங்கள். புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரம் ரயில் மறுபடி ஓடுகிறது. மண்டபத்தில் இறங்கிக் கொள்ளுங்கள், கூட்டிப்போக நாங்கள் ஸ்டேஷனுக்கு வருகிறோம். ஆட்டம் சாயங்காலம் நாலரைக்கு.